லயத்துப் பக்கம் வராத கணிப்பு

தேர்தல் தேதி அறிவித்தார்களோ இல்லையோ, கருத்துக் கணிப்புகள் வந்து குவிந்து விடுகின்றன. முன்பு பத்திரிகையில் வந்தது, பிறகு தொலைக்காட்சியில் வந்தது. இன்று மூணாறில் கொழுந்து நிறுக்கக் காத்து நிற்கும் தங்கச்சியின் செல்போனிலும், கொழிஞ்சாம்பாறைத் தோப்பில் தேங்காய் உரிக்கும் அண்ணனின் செல்போனிலும் ஒரே படம் வந்து விழுகிறது: இந்த அணிக்கு இத்தனை இடம், அந்த அணிக்கு இத்தனை இடம். யாரைக் கேட்டார்கள், யார் பணம் கொடுத்துக் கேட்கச் சொன்னார்கள் என்பது மட்டும் அந்தப் படத்தில் இருப்பதில்லை. "முடிவுதான் தெரிஞ்சு போச்சே, அப்புறம் எதுக்கு வரிசையில் நிற்கணும்?" என்று நம்மவர்களே கேட்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறோம்.

கணிப்பு எல்லாமே பொய் என்று நாம் வாதாட வரவில்லை. முறையாகத் தேர்ந்தெடுத்த ஆயிரம் பேரைக் கேட்டால், ஒரு மாநிலத்தின் மனப்போக்கை மூன்று சதவீதம் முன்பின்னாகச் சொல்லிவிடலாம் என்பது கணிதம். 2021 கேரளச் சட்டமன்றத் தேர்தலில் இடது முன்னணியே திரும்பி வரும் என்று பெரும்பாலான கணிப்புகள் சொல்லின. 140-ல் 99 இடங்களோடு வந்தது. ஆனால் முறையாகத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

1936-ல் அமெரிக்காவில் லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை சுமார் ஒரு கோடிப் பேருக்குச் சீட்டு அனுப்பியது. இருபது லட்சத்துக்கு மேல் பதில் வந்தது. ரூஸ்வெல்ட் தோற்பார் என்று அச்சிட்டார்கள். ரூஸ்வெல்ட்டோ 48 மாநிலங்களில் 46-ஐ வென்றார்! விலாசங்களை எங்கே பிடித்தார்கள் என்று பார்த்தால், டெலிபோன் புத்தகத்திலும் கார் வைத்திருப்போர் பட்டியலிலும். ஏ.சி. பெட்டியில் ஏறிப் பத்துப் பேரை விசாரித்துவிட்டு, பொதுப் பெட்டியில் நிற்பவனுக்கும் சேர்த்துக் கணக்கு எழுதுவது போன்ற வேலை இது.

நம் நாட்டிலும் பார்த்தோம். 2004-ல் வாஜ்பாய் ஆட்சி திரும்பும் என்றார்கள், திரும்பவில்லை. 2024 ஜூன் 1-ல் ஓட்டுப்பதிவு முடிந்த மாலையிலேயே தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350-க்கு மேல் என்று பல நிறுவனங்கள் சொல்லின. ஜூன் 4-ல் எண்ணியபோது வந்தது 293, பா.ஜ.க.வுக்குத் தனியாக 240. இதற்கு நடுவே பங்குச் சந்தைக் குறியீடு ஜூன் 3-ல் 2,500 புள்ளி ஏறி, மறுநாள் 4,300 புள்ளிக்கு மேல் சரிந்தது. ஏறியபோது விற்றவன் லாபம் பார்த்தான். நம்பி வாங்கிய சின்ன மனிதனின் சேமிப்புதான் கரைந்தது.

நம் பக்கத்துக்கு வருவோம். பீருமேட்டில் 2016-ல் வெற்றி வித்தியாசம் 314 ஓட்டு, 2021-ல் 1,835. பாலக்காட்டில் 2021-ல் 3,859. கேரளம் முழுவதும் பத்தாயிரம் பேரைக் கேட்டாலும் தொகுதிக்கு எழுபத்தோரு பேர்தான் வருவார்கள். அந்த எழுபத்தோரு பேரில் லயத்துக்காரர் எத்தனை பேர்? அவர்களை வைத்து 314 ஓட்டு வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க எந்த மேதையாலும் ஆகாது. எஸ்டேட்டில் ஒரு டிவிஷன் ஆட்கள் ஓட்டுக்குப் போனார்களா, வீட்டில் இருந்தார்களா என்பதே அங்கு முடிவை மாற்றிவிடும்.

அப்படியே கேட்க வந்தாலும் நம் ஆட்கள் வாய் திறக்கிறார்களா? போனில் மலையாளத்தில் கேள்வி வருகிறது. பக்கத்தில் கங்காணி நிற்பார், இல்லையென்றால் யூனியன்காரர் நிற்பார். "எல்லாரும் நல்லவங்கதான் சார்" என்று சிரித்துவிட்டுக் கொழுந்து கிள்ளப் போய்விடுவார்கள். நாம் அவர்களைக் குறை சொல்ல மாட்டோம். வீடும் வேலையும் ஒரே கையில் இருக்கும்போது வேறு என்ன சொல்வது? ஆனால் அந்தச் சிரிப்புக்குள் இருந்தது 2015 செப்டம்பரில் மூணாற்றுச் சாலையில் வெளிவந்தது. இருபது சதவீத போனஸ் கேட்டு ஆயிரக்கணக்கான பெண்கள் உட்கார்ந்தபோது, பெரிய யூனியன் தலைவர்களே திகைத்து நின்றார்கள். அதே ஆண்டு நவம்பரில் உள்ளாட்சித் தேர்தலில் பெண்கள் ஒற்றுமை என்று தனியாக நின்று சில இடங்களில் ஜெயித்தும் காட்டினார்கள்.

ஓட்டுச்சாவடிக்கு வெளியே எடுக்கும் கணிப்பைக் கடைசிக் கட்ட ஓட்டுப்பதிவு முடியும்வரை வெளியிடக் கூடாது என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126-ஏ பிரிவு சொல்கிறது. மீறினால் இரண்டு வருடம் வரை சிறை. முன்கூட்டியே எடுக்கும் கணிப்பையோ, கடைசி 48 மணி நேரம் மட்டும் தொலைக்காட்சியில் காட்டக் கூடாது. பத்து நாள் முன்பே வந்து செல்போனில் சுற்றுவதை யார் பிடிப்பது? தடை போட வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. எத்தனை பேரை, எந்த ஊரில், எந்த மொழியில் கேட்டார்கள், செலவு யாருடையது என்று அந்தப் படத்தின் மேலேயே அச்சிடச் சொல்கிறோம்.

இன்னொன்றும் நம்மவர்களுக்குத் தெரிய வேண்டும். அதே சட்டத்தின் 135-பி பிரிவுப்படி ஓட்டு நாள் சம்பளத்தோடு விடுமுறை, தினக்கூலிக்கும் உண்டு. அன்றைய கூலியை யாராவது பிடித்தால், எஸ்டேட் பெயரும் தேதியும் எழுதிச் சங்கத்துக்கு அனுப்புங்கள்.