பட்டாளத்து லாரியின் காதுகள்

கல்யாண வீட்டுச் சமையற்கட்டில் பாயசம் நிறைந்த அண்டாவை இறக்குகிறவர்கள் அதன் விளிம்பைப் பிடித்து இறக்குவதில்லை. இருபுறமும் உள்ள காதுகளில் வளையம், வளையத்தில் கம்பு, கம்புக்கு இரண்டு ஆள் என்று ஏற்பாடு செய்துகொள்ளுகிறார்கள். அந்தக் காதில் எத்தனை ஆணி அறைந்திருக்கிறது என்று யாரும் குனிந்து பார்ப்பது கிடையாது. அது கழன்று விழுகிற அன்றைக்குத்தான், பாயசத்துக்கும் தரைக்கும் நடுவே இத்தனை நாளும் ஒரு சிறு ஆணி காவல் நின்றது என்பது தெரியவருகிறது.

பழைய பட்டாளத்து லாரிகளுக்கும் இத்தகைய காதுகள் உண்டு. லாரியின் எஞ்சினைப் புகழ்ந்து எழுதியவர்கள் அநேகர். அது ஏறிய மலைகளையும் இறங்கிய ஆறுகளையும் வர்ணித்தவர்களும் அநேகர். ஆனால் அதன் சட்டத்தின் நுனியில் தொங்கும் இரும்பு வளையத்தை ஏறிட்டுப் பார்த்தவர்கள் வெகு சொற்பம். ஆகையால் இவ்வாரம் அந்த ஏழை வளையத்தின் சார்பில் நாம் வக்காலத்து வாங்கிக்கொள்ளுகிறோம்.

சாதாரண லாரி பிறந்த நாள் முதலாகப் பெரும்பாலும் தன் காலாலேயே நடக்கிறது. பட்டாளத்து லாரியின் ஜாதகம் வேறு. அது பிறரைச் சுமப்பதற்கு முன்னால் பிறர் அதைச் சுமந்தாக வேண்டும். தொழிற்சாலையிலிருந்து துறைமுகத்துக்கு ரயிலில் போக வேண்டும்; அங்கே கிரேனில் தொங்கிக் கப்பலுக்குள் இறங்க வேண்டும்; அக்கரை சேர்ந்ததும் மறுபடி தொங்கி வெளியே வர வேண்டும். இரண்டாவது உலக யுத்தத்தின்போது அமெரிக்காவில் தயாரான 'ஜி.எம்.ஸி.' இரண்டரை டன் லாரிகள் மட்டும் ஐந்து லக்ஷத்துக்கு மேல். அவற்றுள் ஏராளமானவை கடல் கடந்தன. சில பிரிக்கப்பட்டுப் பெட்டிகளில் போயின. சில முழு உருவத்துடனேயே கப்பலேறின. வெறுமையாக நின்றாலே அந்த லாரி சுமார் 10,000 பவுண்டு எடை. புயலிலே ஆடுகிற கப்பலின் வயிற்றுக்குள் அப்படிப்பட்ட ஒன்று கட்டறுத்துக்கொண்டு உலாவப் புறப்பட்டால் அக்கம்பக்கத்து வண்டிகள் என்ன ஆகும், கப்பல்தான் என்ன ஆகும் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இந்தப் பழைய வண்டிகள் இன்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆசைக்காரர்களின் கொட்டகைகளில் வாழ்கின்றன. கண்காட்சிக்குக் கண்காட்சி அவற்றைப் பெரிய டிரெய்லர்களில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். கட்டுவதற்கு இடம் தேடுகையில் முதலில் கண்ணில் படுவது எது? பலகைப் பெட்டியின் பக்கங்களில் வரிசையாக அமைந்திருக்கும் சிறு கொக்கிகள்தான். கைக்கு எட்டும் உயரம், பார்வைக்கும் லக்ஷணமாயிருக்கும். ஆனால் அவை தார்ப்பாயின் கயிற்றை இழுத்து மாட்டுவதற்காக ஏற்பட்டவை. காற்றிலே தார்ப்பாய் பறக்காமல் பிடித்துக்கொள்வதே அவற்றின் உத்தியோகம். அவற்றில் சங்கிலியை மாட்டி லாரியைக் கட்டுவது, காதிலிருக்கும் தோட்டைப் பிடித்து ஆளைத் தூக்குவது போலத்தான்.

அப்படியானால் உண்மையான காது எங்கே இருக்கிறது? லாரியின் முதுகெலும்பு, முன்னிருந்து பின்வரை ஓடுகிற இரண்டு எஃகுச் சட்டங்கள். எஞ்சின், ஆசனம், பெட்டி எல்லாம் அதன்மேல் ஏறி உட்கார்ந்திருப்பவை. ஆகவே காதும் சட்டத்தோடு சேர்ந்திருக்க வேண்டும். ஜி.எம்.ஸி. லாரியில் முன்புறம் சட்டத்தின் நுனிகளில் கனத்த கொக்கிகள் உண்டு. 1950-களில் அமெரிக்க ராணுவத்தில் பரவிய 'எம்.35' லாரியில் முன்னே இரண்டும் பின்னே இரண்டுமாக லாட வடிவமான ஷாக்கிள்கள் தொங்குகின்றன. தேர் வடத்தை யாராவது தேரிலுள்ள மரப் பொம்மையின் கழுத்தில் கட்டுகிறார்களா? அடிச்சட்டத்திலுள்ள இரும்பு வளையத்தில்தானே பூட்டுகிறார்கள்!

இந்த வளையங்களுக்கு எவ்வளவு பலம் வேண்டும் என்பதில் ஒரு விநோதம் இருக்கிறது. வண்டியின் எடையைத் தாங்கினால் போதும் என்றுதான் நமக்குத் தோன்றும். யுத்தத்துக்குப் பின் அமெரிக்க ராணுவத்தார் இதற்காகவே ஒரு தர விதி வகுத்தார்கள். அதன் எண் 209. அதன்படி வண்டியின் கட்டுமிடங்கள் எல்லாம் சேர்ந்து, முன்னும் பின்னுமாக வரும் இழுப்பில் வண்டியின் எடையைப் போல் நான்கு மடங்கு தாங்க வேண்டும். மேலும் கீழுமானால் இரண்டு மடங்கு. பக்கவாட்டில் ஒன்றரை மடங்கு. 10,000 பவுண்டு லாரிக்கு 40,000 பவுண்டு!

இது வீண் ஜாக்கிரதை அல்ல. சரக்கு ரயில் யார்டில் வண்டிகளைக் கோக்கும் காட்சியை நேயர்கள் பார்த்திருக்கலாம். ஒரு வண்டி தானே உருண்டு வந்து இன்னொன்றின்மேல் 'டமார்' என்று மோதுகிறது. ரயில் வண்டி உடனே நின்றுவிடுகிறது. மேலே இருக்கும் லாரிக்கு நிற்க இஷ்டமில்லை. அந்த ஒரு கணத்தில் அதை நிறுத்துவது சங்கிலியும் வளையமுந்தான். இதைச் சோதிப்பதற்கென்றே லாரியை ரயில் வண்டியில் கட்டி, மணிக்கு 4 மைல், 6 மைல், 8 மைல் வேகங்களில் மோதவிடுகிறார்கள். பிறகு திருப்பி வைத்து இன்னொரு முறை 8 மைல் வேகத்தில் மோதவிடுகிறார்கள். எட்டு மைல் என்பது சாவகாசமாகச் சைக்கிள் விடுகிறவனின் வேகம். அதற்கே நான்கு மடங்கு கணக்கு வேண்டியிருக்கிறதென்றால், நெடுஞ்சாலையில் டிரெய்லர் திடீரென்று பிரேக் போடுகிறபோது தார்ப்பாய்க் கொக்கியின் கதி என்ன?

வளையம் நல்லதாயிருந்தும் மாட்டுகிற விதத்தால் கெடுவதுண்டு. ஷாக்கிளை அதன் நீளவாட்டத்தில் இழுத்தால் முழுப் பலத்தையும் கொடுக்கும். நாற்பத்தைந்து பாகைக்குப் பக்கவாட்டில் சாய்த்து இழுத்தால் நூற்றுக்கு எழுபது பங்குதான் தேறும். நேர் குறுக்காக இழுத்தால் பாதி. தூக்குகிறபோது இன்னொரு சங்கடம். இரண்டு வடங்கள் செங்குத்தாக இருந்தால் ஆளுக்குப் பாதிச் சுமை. அவையே விரிந்து தரை மட்டத்துக்கு முப்பது பாகையில் படுத்துவிட்டால், ஒவ்வொன்றின் மேலும் முழுச் சுமைக்குச் சமமான இழுப்பு விழுகிறது. பாதிப் பாரம் சுமக்க வந்தவன் தலையில் முழு மூட்டை!

சட்டத்தைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். லாரிச் சட்டம் விறைப்பாக நிற்பதற்காகச் செய்யப்பட்டதல்ல. மேடு பள்ளத்தில் முறுக்கிக் கொடுப்பதற்காகவே செய்யப்பட்டது. ஆகையால்தான் குறுக்குச் சட்டங்களை ரிவிட்டு அடித்துப் பிணைக்கிறார்கள். பெட்டிக்கும் சட்டத்துக்கும் நடுவே பல லாரிகளில் மரக்கட்டை வைத்து இறுக்கினார்கள். பின்னால் வந்த சிலவற்றில் முன்புறத்து போல்ட்டுகளுக்கு ஸ்பிரிங் வைத்தார்கள். புதிதாக வளையம் வேண்டுமென்று ஆசைப்படுகிறவர், சட்டத்தின் மேல் விளிம்பிலோ கீழ் விளிம்பிலோ துளை போடுகிறார். அல்லது ஒரு கொக்கியை அங்கே வெல்டிங் வைத்துவிடுகிறார். வளைவின் வேதனை முழுவதும் அந்த இரு விளிம்புகளில்தான் விழுகிறது. நடுப்பகுதி அவ்வளவு கஷ்டப்படுவதில்லை. விளிம்பிலிட்ட துளையிலிருந்து ஒரு மயிரிழை விரிசல் புறப்பட்டு, சில வருஷங்களில் சட்டத்தையே கடந்துவிடும்.

அப்படியானால் சட்டத்தில் கை வைக்கவே கூடாதா என்று கேட்கலாம். அவசியம் நேர்ந்தபோது முழுதாக அறுத்தும் இருக்கிறார்கள். 1942-ல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்துக்கொண்டதால் சீனாவுக்குத் தரைவழி அற்றுப்போயிற்று. அஸ்ஸாமிலிருந்து மலைகளுக்கு மேலாக விமானத்தில்தான் எல்லாம் போக வேண்டும். இரண்டரை டன் லாரி விமானத்துக்குள் நுழையுமா? ஆகவே லாரிகளை இரண்டாக அறுத்து, துண்டு துண்டாகப் பறக்கவிட்டு, அக்கரையில் மறுபடி ஒட்டவைத்தார்கள். லேடோவிலிருந்து போட்ட பாதையில் முதல் லாரி வரிசை 1945 ஜனவரி 12-ல் புறப்பட்டு, பிப்ரவரி 4-ல் குன்மிங் நகரை அடைந்த பிறகே லாரிகள் முழு உடம்போடு அந்தத் தேசத்துக்குப் போக முடிந்தது. ஆனால் அது யுத்தகால வைத்தியம். ஞாயிற்றுக்கிழமைக் கொட்டகையில் செய்து பார்க்கிற வைத்தியமல்ல.

ஆணி விஷயத்துக்கு வருவோம். சட்டத்தோடு காதைப் பிணைத்திருப்பது போல்ட்டு. பழைய போல்ட்டு துருவேறி அறுந்தால், கடைத்தெருவில் அதே பருமனுள்ள ஒன்றை வாங்கி முடுக்கிவிடுகிறார்கள். பருமன் ஒன்றுதான், பரம்பரை ஒன்றல்ல. அமெரிக்க போல்ட்டின் தலையில் ஆரக்கால் போல மூன்று கோடுகள் இருந்தால் அது ஐந்தாம் தரம். சதுர அங்குலத்துக்கு 120,000 பவுண்டு இழுப்பில்தான் அறும். ஆறு கோடுகளானால் எட்டாம் தரம், 150,000 பவுண்டு. தலை மொட்டையாயிருந்தால், பெரும்பாலும் 74,000-க்குள்தான். இந்த வித்தியாசத்தைக் கையால் தடவித் தெரிந்துகொள்ளலாம். ஆனால் வண்டியைப் புதுப்பிக்கிறவர்கள் பச்சைப் பெயிண்டை நான்கு பூச்சாகப் பூசி அந்தக் கோடுகளை மறைத்துவிடுகிறார்கள்.

சேற்றில் அகப்பட்ட வண்டியை இழுக்கும்போதுதான் இவையெல்லாம் வெளிச்சத்துக்கு வருகின்றன. நைலான் வடம் ரப்பர் போல நீண்டு பலத்தைச் சேர்த்து வைத்துக்கொள்ளுகிறது. மறுமுனையிலுள்ள கொக்கி பிய்ந்தால், அது பீரங்கிக் குண்டாகப் பறந்து எதிர்வண்டியின் கண்ணாடிக்குள் புகும். இவ்விதம் உயிர் போனதும் உண்டு. ஆதலால் பின்புறத்துப் பின்டில் கொக்கி, சட்டத்து ஷாக்கிள் இவற்றையன்றி பம்பரிலும் படியிலும் வடம் மாட்டுகிறவர் பக்கத்தில் நாம் நிற்கமாட்டோம். இழுப்பதற்கு முன் ஷாக்கிளின் குறுக்காணியைக் கழற்றிப் பார்ப்பது நலம். வளையம் பழையதாகவும், ஆணி மட்டும் யாரோ போட்ட மொட்டைத் தலை போல்ட்டாகவும் இருக்கிற வண்டிகள் நிரம்ப உண்டு. பெயிண்டைச் சுரண்ட ஒரு பழைய கத்தி போதும்.