பொம்மை வீடும் தோட்டத்து லயமும்

பொழுதுபோக்கு என்றதும் அஞ்சல்தலை சேகரிப்பு, நாணயச் சேகரிப்பு, மீன் வளர்ப்பு போன்றவையே பலரின் நினைவுக்கு வருகின்றன. பழைய பொம்மை வீடுகளைத் தேடிச் சேகரித்துப் பழுதுபார்ப்பதும் ஒரு பொழுதுபோக்குதான். மேலை நாடுகளில் பெரியவர்கள் பலர் இதில் ஈடுபட்டுள்ளனர். உடைந்த சாளரத்தையும் உரிந்த சுவர்த்தாளையும் மாதக்கணக்கில் பொறுமையாகச் சீர்செய்கின்றனர். "பொம்மை வைத்து விளையாடும் வயதா இது?" என்று அவர்களைக் கேலி செய்வோரும் உண்டு. அக்கேலி பொருத்தமற்றது. ஒரு காலத்து மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதைக் கைக்கு எட்டும் அளவில் காட்டும் சான்று பொம்மை வீடு. அதைக் காக்கும் கலை பேராக் மாநிலத்து மாணவர்களுக்கு இன்று மிகவும் தேவைப்படுகிறது.

பொம்மை வீடு தொடக்கத்தில் குழந்தைகளுக்காகச் செய்யப்பட்டதன்று. இன்று அறியப்படும் மிகப் பழைய பொம்மை வீடு, ஜெர்மனியின் பவேரியா பகுதியை ஆண்ட ஐந்தாம் ஆல்பிரெக்ட் என்னும் கோமகனுக்காக 1558ஆம் ஆண்டு வாக்கில் உருவானது. 1674இல் அது தீக்கிரையானது. ஆயினும், அதிலிருந்த பொருள்களை எவரோ பட்டியலிட்டு வைத்திருந்ததால், அதன் அறைகளைப் பற்றி இன்றும் அறிய முடிகிறது. பொருள் அழிந்தாலும் பதிவு பிழைத்துக்கொண்டது.

நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில் வாழ்ந்த பெட்ரோனெல்லா ஊர்ட்மன் என்ற செல்வச் சீமாட்டியின் பொம்மை வீடு, அங்குள்ள ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இன்றும் காட்சிக்கு உள்ளது. 1686 முதல் 1710 வரையிலான காலத்தில் அது உருவானது. அதில் வரவேற்பறை மட்டுமின்றிச் சமையற்கட்டும் துணி உலர்த்தும் அறையும் உள்ளன. பெரிய ஓவியங்களில் இடம்பெறாத அன்றாட வீட்டு வேலைகள் அந்தப் பேழைக்குள் பத்திரமாக இருக்கின்றன.

இங்கிலாந்தின் மேரி அரசிக்கு 1921 முதல் 1924 வரை ஒரு பொம்மை வீடு கட்டப்பட்டது. கட்டடக் கலைஞர் எட்வின் லட்யன்ஸ் அதனை வடிவமைத்தார். ஏறத்தாழ 1,500 கைவினைஞர்களும் கலைஞர்களும் எழுத்தாளர்களும் அதற்குப் பங்களித்தனர். குழாயில் தண்ணீர் வரும், மின்விளக்கு எரியும், மின்தூக்கி இயங்கும். இன்று வின்சர் கோட்டையில் உள்ள அவ்வீடு, 1924இல் இலண்டனின் வெம்பிளியில் நடந்த பேரரசுக் கண்காட்சியில் முதன்முதலாக மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. அதே கண்காட்சியில் மலாயாவுக்கும் ஒரு மண்டபம் இருந்தது. மலாயாவின் ஈயமும் ரப்பரும் அங்கே காட்டப்பட்டன. அரசியின் வீட்டைச் சிற்றளவில் செய்து காக்க 1,500 பேர் முன்வந்தனர். அந்த ரப்பருக்காக அதிகாலையில் பால்மரம் சீவியவரின் வீட்டை அப்படிச் செய்து காப்பது யாருடைய வேலை?

வீட்டைச் சிறிதாக்கிப் பார்ப்பது தமிழருக்குப் புதியதன்று. மணலில் வீடு கட்டி விளையாடுவதைச் 'சிற்றில்' என்று பழந்தமிழர் அழைத்தனர். பிள்ளைத்தமிழில் சிற்றில் ஒரு பருவமாகவே இடம்பெறுகிறது. செப்புச் சாமான்களை வைத்துச் சோறாக்கி விளையாடிய நினைவு பல பாட்டிமாருக்கு உண்டு. நவராத்திரிக் கொலுவில் கடைவீதியும் திருமண வீடும் படிகளில் வந்து அமர்கின்றன. கொலு முடிந்ததும் பொம்மைகளைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைப்பார்கள். மூக்கு உடைந்த பொம்மையை ஒட்டி, மறு ஆண்டும் படியேற்றுவார்கள். பழுதுபார்த்துப் பேணும் பழக்கம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

பழுதுபார்ப்பது என்றால் புதியதுபோல் ஆக்குவது என்று பலர் எண்ணுகின்றனர். தேர்ந்த சேகரிப்பாளர்கள் அவ்வாறு எண்ணுவதில்லை. வேலையைத் தொடங்குமுன் எல்லாப் பக்கங்களையும் படமெடுத்து, அளவுகளைக் குறித்துக்கொள்வர். மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டுவர். பழைய சாயத்தில் காரீயம் கலந்திருக்கக்கூடும் என்பதால் உப்புத்தாள் கொண்டு தேய்க்கமாட்டார்கள். அந்தத் தூசி உடலுக்குத் தீங்கானது. பின்னாளில் பிரித்தெடுக்கக்கூடிய மாவுப் பசை போன்றவற்றையே பயன்படுத்துவர். கழன்று விழுந்த துண்டையும் ஓர் உறையிலிட்டு வைப்பர். புதிதாகச் சேர்த்த பகுதியின் அடியில் ஆண்டைக் குறிப்பர். மலேசியாவின் ஈரப்பதமான வானிலையில் கரையானும் பூஞ்சணமும் எளிதில் வரும் என்பதால், இங்குச் சேகரிப்போருக்கு இன்னும் கூடுதலான கவனம் தேவை.

ஒரு குழந்தை அறைச் சுவரில் பென்சிலால் கிறுக்கியிருந்தால், அந்தக் கிறுக்கலை அவர்கள் அழிப்பதில்லை. அவ்வீட்டோடு ஒருவர் வாழ்ந்தார் என்பதற்கு அதுவே சான்று. எவ்வளவு மாற்ற முடியும் என்று பார்க்காமல், எவ்வளவைத் தொடாமல் விட முடியும் என்று பார்ப்பதே இக்கலையின் அடிப்படை. இந்த ஒழுக்கம் பொம்மை வீட்டோடு நின்றுவிடக் கூடாது.

ஈப்போ பழைய நகரில் கடைவீடுகள் பல புதுப்பிக்கப்பட்டு, உணவகங்களாகவும் விடுதிகளாகவும் இயங்குகின்றன. சுற்றுப்பயணிகள் அவற்றின் அஞ்சடியில் நின்று படமெடுக்கின்றனர். தோட்டத்து லயங்களுக்கு அந்த வாய்ப்புப் பெரும்பாலும் கிட்டவில்லை. 1877இல் கோலகங்சாரில் ஒன்பது ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. அவற்றுள் ஒரு மரம் அங்கு இன்னும் நிற்கிறது. அதன்பின் பேராக்கில் தோட்டங்கள் பெருகின. தமிழகத்திலிருந்து வந்த குடும்பங்கள் ஒரே நீண்ட கூரையின்கீழ் வரிசையாக வாழ்ந்தன. பின்னர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. அதைக் கண்ட துன் வீ. தி. சம்பந்தன், தொழிலாளர்களின் பணத்தைத் திரட்டித் தோட்டங்களை வாங்க 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். எனினும், காலப்போக்கில் ரப்பர் மரங்கள் நின்ற இடங்களில் செம்பனையும் வீடமைப்புப் பகுதிகளும் வந்தன. மக்கள் ஈப்போ, சுங்கை சிப்புட், கம்பார் போன்ற நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். லயங்கள் பல இடிக்கப்பட்டன.

இடிந்த லயத்தை மீண்டும் கட்ட முடியாது. அதைச் சிற்றளவில் செய்ய முடியும். பொம்மை வீட்டுக் கலைஞர்கள் பெரும்பாலும் பன்னிரண்டில் ஒரு பங்கு என்ற அளவைப் பின்பற்றுகின்றனர். ஓர் அடி நீளம் ஓர் அங்குலமாகிவிடும். பத்தடி நீளமும் பத்தடி அகலமும் கொண்ட அறை, பக்கத்திற்கு ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் அளவுள்ள பெட்டிக்குள் அடங்கும். பால் டின் தகரம் கூரையாகும். ஐஸ்கிரீம் குச்சிகள் பலகைச் சுவராகும். புட்டி மூடி, பால் வடியும் மங்காகும். பொருள்கள் எளிதில் கிடைக்கும். அளவுகளும் விவரங்களும் மட்டும் அவ்வீட்டில் வாழ்ந்த பெரியவர்களிடமே உள்ளன.

"கைப்பேசியில் எடுத்த பழைய படங்கள் போதாதா? எதற்கு இந்த வீண்வேலை?" என்று சிலர் கேட்கலாம். நிழற்படம் பெரும்பாலும் திருமணத்தையும் திருவிழாவையும் காட்டும். அடுப்புப் புகை எந்த வழியாக வெளியேறியது, அம்மிக்கல் எந்த மூலையில் கிடந்தது, வெட்டுக்கத்தியையும் வாளியையும் எங்கே மாட்டினார்கள் என்பவற்றை அது சொல்லாது. சிறு வீட்டைச் செய்பவர் இவற்றையெல்லாம் கேட்டே ஆக வேண்டும். கேட்காமல் ஒரு சுவரைக்கூட நிறுத்த முடியாது.

"வறுமையைப் பொம்மையாக்கி அழகு பார்ப்பது முறையா?" என்ற கேள்வியும் எழக்கூடும். இது நியாயமான கேள்வி. ஒழுகிய கூரையையும் பொதுக் குழாயையும் மறைத்து, வாசலில் கோலத்தையும் பூச்செடியையும் மட்டும் வைத்தால் அது பொய்யான வீடாகிவிடும். சாயம் பூசி மறைக்காதே என்ற பழுதுபார்ப்போர் விதி இங்குத்தான் பொருந்துகிறது. புகை படிந்த சுவர் கறுப்பாகவே இருக்கட்டும். மாரியம்மன் கோயிலும் தமிழ்ப்பள்ளியும் ஆயாக்கொட்டகையும் இருக்கும் அதே மேசையில், விடியுமுன் பெரட்டுக்கு வரிசையாக நின்ற திடலும் கள்ளுக்கடையும் இருக்கட்டும். உழைப்பையும் துன்பத்தையும் சேர்த்துக் காட்டும் வீடே அங்கு வாழ்ந்தவர்களை மதிக்கும் வீடு.

'கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது' என்பது பழமொழி. பள்ளித் தமிழ்மொழிக் கழகங்கள் இப்பணியை ஓர் ஆண்டுத் திட்டமாக மேற்கொள்ளலாம். ஒவ்வொரு மாணவரும் ஒரு குடும்பத்தின் வீட்டைச் செய்தால், ஒரு லயமே உருவாகிவிடும். பவேரியக் கோமகனின் வீட்டைப் போல அது ஒருநாள் அழிந்தாலும், அளவுகளும் விவரங்களும் எழுதிய குறிப்பேடு எஞ்சும். ஆனால், லயத்தில் பிறந்து வளர்ந்தவர்களின் வயது ஏறிக்கொண்டே போகிறது. அடுத்த பள்ளி விடுமுறையில் அளவுநாடாவும் குறிப்பேடுமாக அவர்கள் அருகில் அமர வேண்டும். கேட்க வேண்டிய முதல் கேள்வி எளியது: "பாட்டி, உங்க லயத்து வீட்டு வாசல் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது?"