சீரான கம்பியும் சீரில்லாத கடலும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

சோனாமீட்டர்க் கம்பியை இழுத்துக் கட்டி, இசைக்கவையை அதிரவைத்து, காகிதத் துண்டு துள்ளி விழுவதைக் கண்டு மகிழாத இயற்பியல் மாணவர் உண்டோ? இழுவிசையை ஓரலகு நீளத்தின் நிறையால் வகுத்து வர்க்கமூலம் கண்டால் அலையின் வேகம் கிடைக்கும். தேர்விலும் அதுவே வரும், மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆனால் அந்தக் கம்பி முனைக்கு முனை ஒரே தடிமன் உடையது. நாம் வாழும் உலகம் அப்படிப்பட்டதா?

2004 டிசம்பர் 26 அன்று காலை சுமத்ரா அருகே கடலடி நிலம் நடுங்கியது. அங்கே புறப்பட்ட அலை தமிழகக் கரையைத் தொட இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. இடையில், ஆழ்கடலுக்கு மேலே சென்ற செயற்கைக்கோள் அளந்த அலையின் உயரம் ஏறத்தாழ அரை மீட்டர்தான். நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். முழங்காலளவு அலை எமனாக மாறியது எப்படி? இதற்கு விடை சீரான கம்பியில் இல்லை. சீரில்லாத ஊடகத்தில்தான் இருக்கிறது.

இத்தகைய நெடிய அலையின் வேகம், புவியீர்ப்பு முடுக்கத்தையும் கடலின் ஆழத்தையும் பெருக்கி வர்க்கமூலம் கண்டால் வருவது. 4,000 மீட்டர் ஆழத்தில் அது மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல். 10 மீட்டர் ஆழத்தில் 36 கிலோமீட்டருக்குச் சற்றே குறைவு. வேகம் இருபதில் ஒரு பங்காகிறது. ஆற்றல் எங்கே போகும்? அலை சுமக்கும் ஆற்றல், உயரத்தின் வர்க்கத்தையும் வேகத்தையும் பொறுத்தது. ஆகவே உயரத்தின் வர்க்கம் இருபது மடங்காக வேண்டும். உயரம் நாலரை மடங்காகும். அரை மீட்டர், இரண்டேகால் மீட்டராகிவிடும்! ஆழம் மெல்ல மெல்ல மாறும்போதே இவ்விதி பொருந்தும். கரையை ஒட்டி இது மட்டும் போதாது என்பதும் உண்மை.

இவ்விதியை 1837-இல் கண்டவர் இங்கிலாந்தின் ஜார்ஜ் கிரீன். ரொட்டி சுடுபவரின் மகன். பள்ளியில் பயின்றது ஓராண்டளவே. காற்றாலையில் மாவரைத்துக்கொண்டே கணிதம் கற்று, நாற்பதாம் வயதில் கேம்பிரிட்ஜில் மாணவராகச் சேர்ந்தவர்!

“இதெல்லாம் கடினக் கணிதம், மேல் வகுப்பில் பார்த்துக் கொள்ளலாம்” என்பார்கள். முழுத் தீர்வுக்கு பெசல் சார்புகள் வேண்டும் என்பது மெய்தான். ஆனால் மேலே சொன்ன கணக்குக்கு ஆற்றல் அழியாமை விதியும் வர்க்கமூலமும் போதுமே! மேலும், எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என்னைப் போன்ற பலர் இப்பட்டத்தோடு வேலை தேடிப் போகிறவர்கள். எங்களுக்கு ‘மேல் வகுப்பில்’ என்றால் ‘ஒருபோதும் இல்லை’ என்றே பொருள்.

2007-இல் ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் அமைந்தது. ஆழம் மாறும் கடலில் அலை எப்போது, எங்கே, எவ்வளவு உயரத்தில் வரும் என்பதே அங்கு போடப்படும் கணக்கு. கடலோர மாநிலத்துப் பட்டதாரிக்கு அதன் அரிச்சுவடியாவது தெரிய வேண்டாமா?

பாடத்திட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அலைகள் பாடம் முடிந்ததும் ஒரே ஒரு மணி நேரம் இதற்கு ஒதுக்கினால் போதும். ஆசிரியப் பெருமக்கள் ஆவன செய்வார்களாக! நண்பர்களே, அந்த ஒரு மணி நேரத்தைக் கேட்டுப் பெறுவது நம் கடமை.