பூலாச் செடிக்கு ராத்திரியில் வரும் விருந்தாளி

திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி பக்கம் ஏரிக்கரையில் ஓடி விளையாடியவர்களுக்குப் பூலாப் பழத்தைத் தெரியாமல் இருக்காது. சின்னச் சின்னதாய்க் கறுத்துத் தொங்கும். நசுக்கினால் விரலெல்லாம் ஊதா மை. நீர்ப்பூலா, கரும்பூலா என்றும் சொல்வார்கள். நெல்லிக்கும் கீழாநெல்லிக்கும் இது சொந்தக்காரச் செடி.

இந்தப் பழத்துக்குப் பின்னால் ஒரு ராத்திரி ஒப்பந்தம் இருக்கிறது!

பூலாப் பூ கண்ணில் படாத அளவுக்குச் சிறியது. இருட்டிய பிறகு அதைத் தேடி வருவது எபிசெபலா என்ற குட்டி அந்துப்பூச்சி. பெண் பூச்சி முதலில் ஆண் பூவுக்குப் போய், தன் உறிஞ்சுகுழலில் மகரந்தத்தைச் சேர்த்துக்கொள்ளும். பிறகு அதைப் பெண் பூவுக்குள் தானே வைக்கும். கூடவே ஒரு முட்டையும் இடும்.

ஏன் இவ்வளவு அக்கறை? அதன் புழுவுக்குச் சாப்பாடே அந்தக் காயின் விதைகள்தான். மகரந்தம் சேராவிட்டால் விதை இல்லை, பிள்ளை பட்டினி. புழு சில விதைகளைத் தின்னும். மிச்சம் செடிக்கு.

பூச்சி பேராசைப்பட்டால்? இதே குடும்பத்தைச் சேர்ந்த கிளாக்கிடியன் மரம், அளவுக்கு மீறி முட்டையிட்ட பூக்களை உதிர்த்துவிடுகிறது. அந்த மரத்துக்கும் அந்துப்பூச்சிக்கும் உள்ள இந்த உறவை ஜப்பானின் மகோதோ கதோ குழு 2003-ல் உலகுக்குச் சொன்னது. ஒன்றில்லாமல் இன்னொன்று இல்லை என்ற அளவுக்கு இரண்டும் சேர்ந்தே மாறி வந்திருக்கின்றன.

இந்த ஒப்பந்தத்துக்கு இருட்டு வேண்டும். சிப்காட் வளாகமும் சென்னை-கொல்கத்தா நெடுஞ்சாலையும் விடிய விடிய வெளிச்சத்தில் நிற்கின்றன. வெளிச்சம் பூச்சிகளை என்ன செய்யும்? சுவிட்சர்லாந்தில் புல்வெளிகளில் விளக்கு வைத்துப் பார்த்தார்கள். பூக்களுக்கு ராத்திரியில் வந்த பூச்சிகளின் வருகை 62 சதவிகிதம் குறைந்தது. அங்கிருந்த ஒரு செடியில் காய்ப்பு 13 சதவிகிதம் சரிந்தது. பகலில் வந்த தேனீக்களாலும் ஈடுகட்ட முடியவில்லை. 2017-ல் வெளியான முடிவு இது.

பூலா நம்பியிருப்பதோ ராத்திரிப் பூச்சியை. அதன் காய்ப்பு குறைந்தால், பழம் தேடி வரும் கொண்டைக்குருவிக்கும் நஷ்டம்.

நம்மால் முடிந்தது சின்ன விஷயம்தான். புதரைப் பார்த்து எரியும் விளக்கைக் கீழ்நோக்கித் திருப்பலாம். தேவையில்லாத நேரத்தில் அணைக்கலாம். கரையைச் சுத்தம் செய்யும்போது பூலாவை மட்டும் விட்டுவைக்கலாம். ராத்திரியில் வரும் விருந்தாளிக்கு வேறு வீடு கிடையாது.