பெட்டி போயிற்று, ஈயம் போகவில்லை!

அமெரிக்க நாட்டில் ஒகையோ என்றொரு மாநிலம். அதன் தலைநகர் கொலம்பஸ். அந்நகரத்துக் கிடங்குகள் சிலவற்றில் மலை மலையாகக் குவிக்கப்பட்டது பொன்னும் அல்ல, பொருளும் அல்ல. நெல்லும் அல்ல, நிலக்கரியும் அல்ல. பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளிலிருந்து உடைத்தெடுத்த படக்குழாய்க் கண்ணாடி! எவ்வளவு? ஏறத்தாழ 12 கோடியே 80 இலட்சம் பவுண்டு. நமது கணக்கில் 58,000 டன்.

குவித்தது குளோஸ்டு லூப் என்ற நிறுவனம். உலை அமைப்போம், கண்ணாடியை உருக்குவோம், உள்ளே இருக்கும் ஈயத்தைப் பிரித்தெடுப்போம் என்று சொல்லியே வாங்கிக் குவித்தது. அனுப்பியவர்கள் சும்மா அனுப்பவில்லை; கட்டணமும் சேர்த்துக் கொடுத்து அனுப்பினார்கள். கண்ணாடி வந்தது, கட்டணம் வந்தது, உலை மட்டும் வரவில்லை! 2016ஆம் ஆண்டில் நிறுவனம் கடையைக் கட்டிற்று. கண்ணாடி கிடங்கிலேயே கிடந்தது. அரிசோனா மாநிலத்து பீனிக்ஸ் நகரிலும் அதே நிறுவனம், அதே குவியல், அதே கதை!

கண்ணாடிதானே, கிடந்தால் என்ன என்று கேட்பர் சிலர். அது வெறும் கண்ணாடி அல்ல, தோழர்களே! படக்குழாயின் பின்புறம் புனல் போல் குறுகிச் செல்லும் பகுதி இருக்கிறதே, அந்தக் கண்ணாடியில் நூற்றுக்கு இருபது பங்குக்கு மேல் ஈய ஆக்சைடு. வண்ணப் படக்குழாயில் 25,000 வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம். அதனால் எக்ஸ் கதிர் எழும். அது பார்ப்பவர் உடலில் பாயாமல் தடுக்கவே ஈயம் சேர்த்தார்கள். முகப்புக் கண்ணாடியில் ஈயம் சேர்த்தால் நாளடைவில் பழுப்பேறும் என்பதால் அங்கே பேரியமும் ஸ்ட்ரான்சியமும். ஆக, வீட்டில் இருந்தவரையில் நம்மைக் காத்தது ஈயம். பெட்டி உடைந்தால், காத்த ஈயமே கேடாகிறது!

தொழில் நடந்த காலத்தில் இது பெரிய தொல்லையாக இல்லை. பழைய புனல் கண்ணாடியைக் கழுவி நொறுக்கி, புதிய படக்குழாய் செய்யும் உலையிலே போட்டார்கள். ஈயம் வெளியே வரவில்லை. ஒரு பெட்டியிலிருந்து மறு பெட்டிக்குக் குடிபெயர்ந்தது. பிறகு வந்தது தட்டைத் திரை. படக்குழாய் வாங்குவார் இல்லை. எனவே செய்வாரும் இல்லை. நமது நாட்டில் குஜராத்தின் பரூச்சில் வீடியோகான் நிறுவனத்தின் உலை கடைசிக் காலத்தில் எரிந்துகொண்டிருந்தது. அமெரிக்கக் கண்ணாடிகூடக் கப்பலேறி அங்கே வந்தது! அந்த வேலையும் நின்றது. 2018இல் அந்நிறுவனமே திவால் நடவடிக்கைக்கு உள்ளாயிற்று. விலை கொடுத்து வாங்கப்பட்ட கண்ணாடி, விலை கொடுத்துத் தள்ள வேண்டிய கண்ணாடி ஆயிற்று.

இங்கேதான் சூது நுழைகிறது. ஒரு பொருளை வாங்கிக்கொள்வதற்கே கட்டணம் கிடைக்கிறது. அதை உருக்குவதற்கோ செலவாகிறது. வாங்கினால் இலாபம், வேலை செய்தால் நட்டம்! நேர்மையாளன் நொடித்துப் போவான். மற்றவன் வாங்கி வாங்கிக் கிடங்கிலே அடுக்குவான். அமெரிக்கச் சட்டம் சும்மா இருந்ததா? இல்லை. இருப்பில் நூற்றுக்கு 75 பங்கை ஓராண்டுக்குள் மறுசுழற்சிக்கு அனுப்பவேண்டும் என்றது. ஏட்டிலே 75, கிடங்கிலே 58,000 டன்! கிடங்கின் உடைமையாளர் 2017இல் வழக்குத் தொடுத்தார். மூடிய நிறுவனத்தின்மீது மட்டுமல்ல, கண்ணாடியை அனுப்பிய நிறுவனங்களின்மீதும். சரியான அடி! அனுப்பிவிட்டோம், ஆகவே எமக்குப் பொறுப்பில்லை என்று கை கழுவ முடியாது என்பதே அவ்வழக்கு உலகுக்குச் சொன்ன சேதி.

விஞ்ஞானம் தோற்றதா? இல்லை. ஈயம் உருக்கும் ஆலைகள் தாதுவோடு மணலைச் சேர்த்து உருக்குகின்றன. அந்த மணலுக்குப் பதிலாகப் புனல் கண்ணாடியைப் போடலாம். கண்ணாடி மணலின் வேலையைச் செய்யும், அதிலுள்ள ஈயமும் திரும்பக் கிடைக்கும். கனடாவில் டிரெயில் என்னும் ஊரிலுள்ள ஆலை இவ்வாறு செய்து காட்டியிருக்கிறது. நமது நாட்டிலும் இராஜஸ்தானத்து சந்தேரியாவில் பெரிய ஈய ஆலை உண்டு. வழி இருக்கிறது, வழிச்செலவை யார் தருவது என்பதுதான் வழக்கு!

அயல்நாட்டுக் கதை நமக்கெதற்கு என்று எவரும் சொல்லவேண்டாம். 2006 முதல் 2011 வரை, ஏழை வீட்டிலும் படம் தெரியட்டும் என்று, தமிழகத்தில் ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட குடும்பங்களுக்கு 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி வழங்கப்பட்டது. அத்தனையும் படக்குழாய்ப் பெட்டி. காசு கொடுத்து வாங்கியோர் பெட்டிகள் தனி. அவை பரணில் ஏறின. பின் காயலான் கடைக்கு இறங்குகின்றன. அங்கே என்ன நடக்கும்? சுத்தியல்! குழாயின் கழுத்திலுள்ள செம்புக் கம்பிச் சுருளுக்கு விலை உண்டு. இரும்புக்கும் பிளாஸ்டிக்குக்கும் விலை உண்டு. கண்ணாடிக்கு இல்லை. ஆகவே செம்பு சந்தைக்கு, கண்ணாடி ஏரிக்கரைக்கு!

ஈயம் கண்ணாடிக்குள் கட்டுண்டு கிடக்கிறதே, வெளிவராதே என்பார் மேதாவிகள். முழுக் கண்ணாடிக்கு அது பொருந்தும். நொறுக்கிய தூளுக்கு? குப்பைமேட்டின் புளித்த நீரில் ஊறினால் ஈயம் கசியும். தூசியாய் எழுந்தால் மூச்சில் ஏறும். இன்ன அளவு ஈயம் குழந்தைக்குக் கேடில்லை என்று சொல்லத்தக்க அளவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். கெடுவது எது? வளரும் மூளை! பள்ளிக்கு அனுப்பிப் படிக்கவைக்கத் துடிக்கிறோமே, அந்தப் பிள்ளையின் மூளை!

இந்திய அரசின் மின்னணுக் கழிவு விதிகள் 2011இல் பிறந்து, 2016இல் மாறி, 2022இல் மறுபடி எழுதப்பட்டு, 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தன. உற்பத்தியாளர் பொறுப்பு என்கின்றன விதிகள், நாமும் வரவேற்கிறோம். ஆனால் மறுசுழற்சி செய்வோருக்குச் சான்றிதழ் எதற்குக் கிடைக்கிறது? தங்கம், செம்பு, இரும்பு, அலுமினியம்! விலையுள்ளதற்குச் சான்று, விலையற்ற ஈயக் கண்ணாடிக்கு? பந்தியில் பாயசத்துக்கு ஆள் வைத்தார்கள், எச்சில் இலை எடுக்க ஆள் வைக்கவில்லை!

நாம் கேட்பது சலுகை அல்ல, கணக்கு. ஒரு பெட்டியின் செம்புக்குச் சான்று கேட்பவர், அதே பெட்டியின் கண்ணாடி எந்த ஆலைக்குப் போயிற்று என்பதற்குச் சீட்டு காட்டட்டும். கண்ணாடியைச் சேமித்து வைப்பவர், அதை அகற்றும் செலவை முன்கூட்டியே அரசிடம் வைப்புத்தொகையாகக் கட்டட்டும். கடையைக் கட்டினால் அந்தப் பணம் கண்ணாடியை அகற்றட்டும். உடையாத குழாயைக் கொண்டுவரும் காயலான் கடைத் தோழருக்கு, உடைத்தால் கிடைப்பதைவிட ஓரிரு ரூபாய் கூடுதலாகக் கிடைக்கட்டும். சுத்தியல் தானாகவே கீழே இறங்கும். இத்தனைக்கும் பணம், பெட்டி விற்று இலாபம் கண்டவர் பையிலிருந்து வரட்டும்.

விற்கும்போது பெயர் பொறித்தார்கள், பெருமையாக! பெட்டி பழுதானால் அந்தப் பெயரை அழித்துவிட முடியுமா? இலாபம் ஆலைக்கு, ஈயம் சேரிக்கு என்ற பங்கீட்டை நாம் ஏற்பதற்கில்லை. கொலம்பஸ் கிடங்கு ஓர் எச்சரிக்கை. வாக்குறுதியை வாங்கிக்கொண்டு கண்ணாடியைக் கொடுக்காதீர். உலையைக் காட்டச் சொல்லுங்கள், பிறகு கொடுங்கள்!