தனித்து வாழும் முதியோருக்குக் கருவி துணையாகுமா?



'முதியோரும் தொழில்நுட்பமும்' என்ற தலைப்பைக் கண்டதும், "இயந்திரத்தால் அன்பு காட்ட முடியாது" என்று எழுதிவிட்டுப் பேனையை மூடிவிடாதீர்கள். அது உண்மையே. ஆயினும் பிள்ளைகள் கனடாவிலும் கொழும்பிலும் இருக்க, ஊரில் தனித்திருக்கும் தாய் இரவில் குளியலறையில் வழுக்கி விழுந்தால் அதை யார் அறிவார்? 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படியே இலங்கையில் 60 வயதும் அதற்கு மேற்பட்டோரும் 12.4 சதவீதமாக இருந்தனர். அவ்வீதம் தொடர்ந்து கூடி வருகின்றது. எனவே இக்கேள்வியைத் தட்டிக் கழிக்க முடியாது.

யப்பானின் சொஜிருஷி நிறுவனம் 2001 இல் ஒரு மின் சுடுநீர்க் கேத்தலை அறிமுகம் செய்தது. தனித்து வாழும் முதியவர் அதைப் பாவித்த விபரம், தூரத்திலுள்ள பிள்ளைக்கு மின்னஞ்சலில் போய்ச் சேரும். காலைத் தேநீருக்கு நீர் எடுக்கப்படவில்லையெனில் பிள்ளை உடனே விசாரிக்கலாம். இன்று நடமாட்டத்தை அறியும் உணரிகளும், விழுந்தால் அழைப்பு விடுக்கும் கைக்கடிகாரங்களும் வந்துவிட்டன.

அந்தக் கேத்தல் முதியவரின் முகத்தைப் பார்ப்பதில்லை, பேச்சைக் கேட்பதுமில்லை. அதுவே அதன் சிறப்பு. "உங்கள் பாதுகாப்புக்குத்தான்" என்று கூறி, அம்மம்மாவைக் கேளாமலே அவரது அறையில் கமரா பூட்டுவது கவனிப்பு ஆகாது. சொந்த வீட்டிலேயே அவரைக் கைதியாக்குவதாகும்.

இன்னொன்றையும் மறவாதீர்கள். கருவி அறிவிக்கும், ஓடிவந்து கதவைத் தட்டுவது அயலவரே. 2022 இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டைக் கண்ட நமக்கு, மின்சாரம் நின்றால் கருவியும் ஊமையாகும் என்பது தெரியாததல்ல. பெற்றோரை வேண்டுமென்றே புறக்கணித்தலாகாது என்பது 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் பிள்ளைகளுக்கு விதித்த கடமை. கருவியொன்றை வாங்கிக் கொடுப்பதால் அக்கடமை தீர்ந்துவிடாது.

ஆகவே கருவி வேண்டாம் என்பதல்ல என் கருத்து. வாங்குமுன் மூன்று வினாக்களுக்கு விடை காணுங்கள்:

1. முதியவர் மனமார இணங்கினாரா?
2. தேவைக்கு மிஞ்சிய தகவல் எதுவும் எடுக்கப்படுகின்றதா?
3. அறிவித்தல் வந்ததும் அவரிடம் செல்லப்போவது யார்?

மூன்றாவது வினாவுக்கு ஒருவரின் பெயரைச் சொல்ல முடியாவிட்டால், முதலில் அயல் வீட்டாருடன் பேசுங்கள். கருவியைப் பிறகு வாங்கலாம்.