மாட்டு வைத்தியச் செலவு: 1962 வண்டியும் மலிவு மருந்தும் வந்த பிறகு நீங்கள் செய்ய வேண்டியது என்ன?

காலையில் தொழுவத்துக்குப் போகிறீர்கள். கறவை மாடு தீனி எடுக்காமல் நிற்கிறது. அசை போடவில்லை. உங்கள் மனதில் உடனே வருவது இரண்டு கேள்விகள்தான். யாரைக் கூப்பிடுவது? எவ்வளவு ஆகும்?

இந்த இரண்டு கேள்விகளுக்கும் கடந்த இரண்டு ஆண்டுகளில் பதில் கொஞ்சம் மாறியிருக்கிறது. 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் மருத்துவர் வண்டியோடு ஊருக்கு வரும் ஏற்பாடு 2024-ல் தமிழ்நாட்டில் விரிவாக்கப்பட்டது. கால்நடை காப்பீட்டில் விவசாயி கட்ட வேண்டிய பங்கு அதே ஆண்டு குறைக்கப்பட்டது. 2025 மார்ச்சில் 'பசு ஔஷதி' என்ற பெயரில் மலிவு விலைக் கால்நடை மருந்துத் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மூன்றும் நல்ல செய்திகள்தான். ஆனால் இவற்றை நம்பி எதை விடலாம், எதை விடக்கூடாது என்று தெரிந்துகொண்டால்தான் உங்கள் பணம் மிஞ்சும், மாடும் மிஞ்சும்.

1962 வண்டி: கணக்கைப் பாருங்கள்

மத்திய அரசின் விதிப்படி ஒரு லட்சம் கால்நடைகளுக்கு ஒரு நடமாடும் மருத்துவ வண்டி. அதில் ஒரு மருத்துவர், ஒரு உதவியாளர், ஒரு ஓட்டுநர் இருப்பார்கள். 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மாடுகள் சுமார் 95 லட்சம், எருமைகள் 5 லட்சம், வெள்ளாடுகள் 99 லட்சம், செம்மறி ஆடுகள் 45 லட்சம். கூட்டினால் ஏறக்குறைய 245 லட்சம். அதனால்தான் தமிழ்நாட்டுக்கு 245 வண்டிகள் என்று முடிவானது.

இப்போது யோசித்துப் பாருங்கள். உங்கள் பகுதி வண்டியில் இருப்பது ஒரே மருத்துவர். அவர் பொறுப்பில் இருப்பவை ஒரு லட்சம் உயிர்கள். ஒரே நேரத்தில் நான்கு ஊரிலிருந்து அழைப்பு வந்தால் உங்கள் முறை எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே 1962 என்பது உங்கள் கையில் இருக்கும் ஒரு வழி. அது ஒன்றே வழி என்று இருந்துவிடாதீர்கள். நகர முடியாத மாடு, கன்று ஈனுவதில் சிக்கல் போன்றவற்றுக்கு முதலில் இந்த எண்ணை அழையுங்கள். அதே நேரம் உள்ளூர் மருத்துவருக்கும் தகவல் கொடுங்கள். நடத்தி வரக்கூடிய மாட்டை, ஆட்டை அரசு கால்நடை மருந்தகத்துக்கே கொண்டு போவது இன்றைக்கும் செலவு குறைந்த வழி.

ஊசி போடுகிறவர் எல்லாம் மருத்துவர் அல்ல

பல ஊர்களில் மாட்டுக்கு முதலில் வருபவர் மருத்துவர் இல்லை. சினை ஊசி போடப் பழகியவர், மருந்துக் கடையில் வேலை பார்த்தவர், எப்போதோ மருந்தகத்தில் உதவியாக இருந்தவர் என்று யாரோ ஒருவர் பையோடு வருகிறார். அழைத்த கால் மணி நேரத்தில் வந்து நிற்கிறார், கேட்கிற தொகையும் குறைவு. அதனால்தான் அவரைக் கூப்பிடுகிறோம். இதில் விவசாயியைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஆனால் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டப்படி, பதிவு பெற்ற கால்நடை மருத்துவர் மட்டுமே சிகிச்சை செய்யலாம். இதற்கு ஐந்தரை ஆண்டு பட்டப்படிப்பும் மன்றத்தில் பதிவும் வேண்டும். கால்நடை ஆய்வாளர் போன்ற பயிற்சி பெற்றவர்கள் தடுப்பூசி, காயத்துக்குக் கட்டுப்போடுதல் போன்ற சிறு பணிகளை மருத்துவரின் மேற்பார்வையில் செய்யலாம். உங்கள் ஊர்க் கிளை நிலையத்தில் இருக்கும் ஆய்வாளர் இந்த வகையில் மிகவும் பயன்படுபவர். மருத்துவரை எப்போது கூப்பிட வேண்டும் என்று சரியாகச் சொல்லக்கூடியவரும் அவர்தான்.

ஆபத்து எங்கே வருகிறது? கன்று ஈன்ற மறுநாள் மாடு எழுந்திருக்கவில்லை என்று வையுங்கள். பால் காய்ச்சல், கால்சியம் ஏற்ற வேண்டும் என்று பைக்காரரும் சரியாகவே சொல்லிவிடுவார். ஆனால் கால்சியத்தை நரம்பில் வேகமாக ஏற்றினால் இதயம் நின்று மாடு அங்கேயே செத்துப்போகும். இருநூறு ரூபாய் மிச்சம் பார்க்கப் போய் அறுபதாயிரம் ரூபாய் மாட்டை இழப்பது இப்படித்தான்.

நல்ல மருத்துவரை எப்படி அறிவது?

மாடு நோயில் விழுந்த பிறகு மருத்துவரைத் தேடாதீர்கள். மாடு நன்றாக இருக்கும்போதே பார்த்து வையுங்கள். அரசு மருந்தகத்தின் உதவி மருத்துவர், பால் சங்கத்தில் இருந்தால் சங்க மருத்துவர், அருகில் இருக்கும் தனியார் மருத்துவர் என்று மூன்று பேரின் எண்களைத் தொழுவச் சுவரில் எழுதி வையுங்கள். அதோடு 1962. இரவில் யார் வருவார்கள் என்பதையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

வந்தவர் எப்படி வேலை செய்கிறார் என்று கவனியுங்கள்.

- ஊசியை எடுக்கும் முன் கேள்வி கேட்கிறாரா? எப்போது கன்று ஈன்றது, என்ன தீனி போட்டீர்கள், சாணம் எப்படி, பால் எவ்வளவு குறைந்தது என்று கேட்காமல் நோயைக் கண்டுபிடிக்க முடியாது.
- காய்ச்சல் பார்க்கிறாரா? மாட்டின் இயல்பான வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். இதைப் பார்க்காமலே காய்ச்சல் ஊசி போடுவது வைத்தியம் அல்ல.
- மருந்தின் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுக்கிறாரா? அடுத்து வரும் மருத்துவருக்கு அந்தச் சீட்டு இல்லாவிட்டால் கண்ணைக் கட்டிவிட்டது போல.
- எத்தனை நாள் பாலை ஊற்றக்கூடாது என்று சொல்கிறாரா?
- இந்த மாட்டுக்கு இதற்கு மேல் செலவு செய்ய வேண்டாம் என்று சொல்லும் நேர்மை இருக்கிறதா? அப்படிச் சொல்பவரை விட்டுவிடாதீர்கள்.

பதிவு எண் என்ன, கட்டணம் எவ்வளவு என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. வருகைக்கு எவ்வளவு, மருந்துக்கு எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள்.

அவருக்குப் பிடிபடாத நோய் என்றால் பெரிய இடத்துக்கு அனுப்பத் தயங்கக் கூடாது. சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய இடங்களில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் சிகிச்சைப் பிரிவுகள் உண்டு. வண்டி வாடகை போட்டு மாட்டை ஏற்றும் முன், அனுப்புகிற மருத்துவரையே அங்கே பேசச் சொல்லுங்கள்.

மலிவு மருந்து: யாருக்கு லாபம், எங்கே கவனம்?

2025 மார்ச் 5-ஆம் தேதி மத்திய அமைச்சரவை கால்நடை நலம் மற்றும் நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் திருத்தி ஒப்புதல் அளித்தது. 2024-25, 2025-26 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்கு மொத்தம் 3,880 கோடி ரூபாய். அதில் தரமான மலிவு மருந்துக்கும், அதை விற்பவர்களுக்கான ஊக்கத்தொகைக்கும் 75 கோடி. கூட்டுறவுச் சங்கங்கள், பிரதமர் கிசான் சம்ரிதி மையங்கள் வழியாக விற்பது திட்டம்.

மனிதர்களுக்கான மலிவு மருந்துக் கடை போலத்தான் இது. கம்பெனிப் பெயர் இல்லாமல், உள்ளே இருக்கும் மருந்தின் பெயரில் விற்கப்படும். இதில் உங்களுக்கு லாபம் வர வேண்டுமானால் மருத்துவர் சீட்டில் மருந்தின் பொதுப் பெயரை எழுத வேண்டும். "ஐயா, இதே மருந்து குறைந்த விலையில் வேறு பெயரில் கிடைத்தால் வாங்கலாமா?" என்று கேளுங்கள். குடற்புழு மருந்தில் தொடங்கி இந்தக் கேள்வி பயன்படும். உங்கள் கூட்டுறவுச் சங்கத்தில் இந்த மருந்து வருகிறதா என்று விசாரியுங்கள். வரவில்லை என்றால் சங்கக் கூட்டத்தில் எழுப்புங்கள்.

ஆனால் 75 கோடி என்பது நாடு முழுவதற்கும் சேர்த்து. ஒரே நாளில் எல்லா ஊரிலும் கடை வந்துவிடாது. இன்னொன்று, மருந்து மலிவானால் நாமே வாங்கிப் போடும் ஆசையும் வரும். அங்கேதான் கவனம் வேண்டும். தோல் கழலை நோய், கோமாரி இரண்டும் வைரஸ் நோய்கள். ஆன்டிபயாடிக் ஊசி அந்த வைரஸைக் கொல்லாது. புண்ணில் சீழ் பிடிக்காமல் காக்க மட்டும் மருத்துவர் அதைக் கொடுப்பார். தேவையில்லாமல் போட்டால் ஊசிக் காசும் போகும், பாலும் போகும். பத்து லிட்டர் மாட்டின் பாலை ஐந்து நாள் ஊற்றாமல் விட்டால் 50 லிட்டர். லிட்டர் 35 ரூபாய் என்று வைத்தால் 1,750 ரூபாய். அந்த ஊசியின் உண்மையான விலையில் இதுவும் சேர்த்தி.

வலி ஊசியிலும் கவனம். டைக்ளோபினாக் மாட்டுக்குப் போட 2006 முதல் தடை இருக்கிறது. கீட்டோபுரோபென், அசெக்ளோபினாக் இரண்டும் 2023-ல் தடை செய்யப்பட்டன. இந்த மருந்து போட்ட மாடு செத்தால், அதைத் தின்னும் பிணந்தின்னிக் கழுகும் செத்துப்போகிறது. மெலாக்சிகாம் தடையில்லாத மருந்து. தடை செய்த மருந்தை எடுத்து வருபவர் சட்டம் தெரியாதவர் என்று உங்களுக்குப் புரிந்துவிடும்.

காப்பீடு: சாவுக்குத்தான், சிகிச்சைக்கு அல்ல

தேசியக் கால்நடை இயக்கத்தில் 2024 பிப்ரவரியில் செய்த மாற்றத்தின்படி, பிரீமியத்தில் விவசாயி கட்ட வேண்டியது 15 சதவீதம் மட்டும். மீதியை மத்திய, மாநில அரசுகள் ஏற்கின்றன. முன்பு விவசாயியின் பங்கு 20 முதல் 50 சதவீதம் வரை இருந்தது. 60,000 ரூபாய் மாட்டுக்கு ஆண்டுப் பிரீமியம் 4 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 2,400 ரூபாய். உங்கள் பங்கு 360 ரூபாய்தான்.

இரண்டு விஷயங்களை மறக்காதீர்கள். ஒன்று, இது மாடு செத்தால் கிடைக்கும் தொகை. மருந்துச் செலவுக்குக் கிடைக்காது. இரண்டு, காதில் வில்லை இல்லாவிட்டால் பணம் இல்லை. வில்லை விழுந்துவிட்டால் அன்றே மருந்தகத்தில் சொல்லி மாற்றுங்கள். மாடு இறந்தால் உடனே காப்பீட்டு நிறுவனத்துக்கும் மருத்துவருக்கும் தெரிவியுங்கள். பிரேதப் பரிசோதனைச் சான்று இல்லாமல் புதைத்துவிட்டால் கேட்டும் பயனில்லை. ஆண்டு இலக்கு முடிந்துவிட்டால் இடம் கிடைக்காது, முன்கூட்டியே மருந்தகத்தில் பெயர் கொடுங்கள்.

செலவு எங்கே குறையும்?

இலவசமாகக் கிடைப்பதை முதலில் விடாமல் வாங்குங்கள். கோமாரித் தடுப்பூசி ஆறு மாதத்துக்கு ஒரு முறை. கிடேரிக் கன்றுக்கு 4 முதல் 8 மாதத்துக்குள் கன்று வீச்சு நோய்த் தடுப்பூசி, வாழ்நாளில் ஒரே ஒரு முறை. ஆடுகளுக்கு ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசி. முகாம் நாளில் மாட்டை மேய்ச்சலுக்கு ஓட்டிவிட்டு, பிறகு கோமாரி வந்து வாரக்கணக்கில் பால் இல்லாமல் தவிப்பவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள்.

அடுத்து, சீக்கிரம் பார்ப்பது. மடிநோயில் முதல் நாளே பால் திரிதிரியாக வரும். அன்றே காட்டினால் மடி தப்பும். நாலு நாள் கழித்துக் காட்டினால் ஒரு காம்பு போய்விடும். நாளுக்கு 3 லிட்டர் குறைந்தால் 105 ரூபாய். நூறு நாளில் 10,500 ரூபாய். சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்து, பாலைக் கறந்துவிட்டு நாளுக்குப் பல முறை மடியில் பூசும் முறையைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமே பரப்பி வருகிறது. செலவு மிகக் குறைவு. ஆனால் மாட்டுக்குக் காய்ச்சல் இருந்தாலோ, மறுநாளும் மடி இறுகியிருந்தாலோ மருத்துவர் வந்தாக வேண்டும்.

எது உடனே, எது பொறுக்கலாம் என்பதையும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். வயிறு உப்பி மூச்சுத் திணறல், தண்ணீர்க்குடம் உடைந்தும் கன்று வராதது, ஈன்ற பின் எழாதது, பாம்புக் கடி, இவற்றுக்கு ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது. நஞ்சுக்கொடி 12 மணி நேரத்தில் விழாவிட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள், கல்லைக் கட்டித் தொங்கவிடாதீர்கள், இழுக்கவும் வேண்டாம். காய்ச்சல் இல்லாமல் தீனி மட்டும் சற்றுக் குறைந்த மாட்டை அரை நாள் கவனித்துவிட்டு அழைக்கலாம்.

கடைசியாக, வைத்தியத்துக்கென்று ஒரு உண்டியல். பால் பணத்தில் லிட்டருக்கு ஒரு ரூபாய் எடுத்து வையுங்கள். நாளுக்குப் பத்து லிட்டர், 300 நாள் கறவை என்றால் 3,000 ரூபாய். நடு இரவில் மருத்துவரை அழைக்கும்போது கையில் பணம் இல்லையே என்று விடியும் வரை காத்திருந்துதான் பல மாடுகள் போகின்றன. அந்த 3,000 ரூபாய் உங்களை அப்படிக் காத்திருக்க விடாது.

வண்டி வரலாம், மருந்து விலை குறையலாம், பிரீமியத்தை அரசு கட்டலாம். ஆனால் மாடு தீனி எடுக்கவில்லை என்று முதலில் பார்ப்பது நீங்கள்தான். இன்று மாலை பால் கறந்து முடித்ததும் சுவரில் அந்த நான்கு எண்களை எழுதி வையுங்கள்.